சக்கரம் வைத்த வீட்டில் இணையம்

போன் திரையில் நான்கு கோடு. ஆனால் வீடியோ மீட்டிங்கில் எதிரே இருப்பவரின் முகம் உறைந்து நிற்கிறது. கேரவனில் குடியிருந்துகொண்டே வேலை பார்க்கும் எவருக்கும் இது பழகிய காட்சிதான்.

முதலில் அந்தக் கோடுகளை நம்புவதை விட வேண்டும். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்று பொதுவான விதி கிடையாது. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண்ணில் இருக்கிறது. போனின் செட்டிங்ஸில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். 4ஜி-யில் மைனஸ் 80 என்றால் அருமை. மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 115-க்கும் கீழே போனால் இழுபறிதான். இந்த எண்ணில் 10 குறைந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு.

வண்டிக்குள் மேசையில் போனை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெளியே பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அலுமினியத் தகடு போர்த்திய வண்டியானால் எண் சட்டென்று முன்னேறும். உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே கிடைப்பது பெரும்பாலும் ஜன்னல் வழியே நுழைந்த மிச்சம்தான்.

அதனால் கூரையில் ஆன்டெனா வைத்தால் பலன் கண்கூடு. ஆனால் ஒன்று போதாது. இன்றைய டவர்கள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் இரண்டு அல்லது நான்கு தரவு ஓடைகளை அனுப்புகின்றன. மைமோ என்கிற இந்த நுட்பத்துக்கு, டவரின் சிக்னலை வாங்கி இணையமாக்கும் கருவியான மோடத்திலும் அத்தனை ஆன்டெனாக்கள் வேண்டும். சிக்னலைப் பெருக்கித் தரும் வண்டி பூஸ்டர்களில் பல ஒரே ஓடையைத்தான் தூக்கிக் கொடுக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும். சிக்னல் எண் கூடியும் வேகம் குறைவது இதனால்தான். அப்புறம், ஆன்டெனாவுக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள கேபிள் நீள நீள, வாங்கிய சிக்னல் அதிலேயே கரையும். மோடத்தைக் கூரைக்குப் பக்கத்தில் பொருத்துவதுதான் சரி.

சிக்னல் நன்றாக இருந்தும் இணையம் திணறினால், பெரும்பாலும் டவரில் கூட்டம். மாலையில் வண்டிகள் தங்கும் முகாம் நிறைந்து எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தால், டவரின் கொள்ளளவு அத்தனை பேருக்கும் பங்காகிறது. கூரையில் எதை மாட்டினாலும் அந்தக் கூட்டம் குறையாது. வேறு கம்பெனியின் சிம் ஒன்று கையில் இருந்தால் தப்பிக்கலாம்.

டவரே இல்லாத இடத்தில் செயற்கைக்கோள்தான் வழி. பழைய வகை செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவை. கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் வர ஏறத்தாழ 1,43,000 கி.மீ. ஒளி வேகத்திலும் அரை விநாடி ஆகும். நீங்கள் பேசி முடித்ததாக நினைத்து எதிராளி பேசத் தொடங்க, இரண்டு குரலும் மோதிக்கொள்வது அதனால்தான். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்திலேயே பறப்பதால் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் அவை விநாடிக்கு ஏறத்தாழ 7.6 கி.மீ. வேகத்தில் கடக்கின்றன. வண்டியில் வைக்கும் ஆன்டெனாத் தட்டு, ஒரு செயற்கைக்கோளை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டு திரும்புவதில்லை, உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்களின் அலைகளை நூலிழை முன்பின்னாகத் தள்ளி, கற்றையை மட்டும் திருப்புகிறது. நடுவில் ஒரு மரக்கிளை வந்தால் சில விநாடிகள் அறுந்துபோகும். படம் பார்ப்பவருக்குத் தெரியாது. முன்கூட்டியே சேமித்த தரவு ஓடும். மீட்டிங்கில் பேசுபவரின் வாக்கியம் பாதியில் போய்விடும். மர நிழலில் வண்டியை நிறுத்தும் சுகத்தை, வேலை நாட்களில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மலை மறைத்தால் டவர் போகும், மரம் மறைத்தால் செயற்கைக்கோள் போகும். இப்படி வெவ்வேறு காரணத்தால் கெடும் இரண்டு வழிகளை வைத்திருப்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒன்றையே எவ்வளவு வேகமாக்கினாலும் இதற்கு ஈடாகாது. சாதாரண ரவுட்டர், ஒரு வழி செத்துப்போனது உறுதியானபின்தான் அடுத்ததற்கு மாறும். அதற்குள் சில விநாடிகள் போய், இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் மாறுவதால் அழைப்பு பெரும்பாலும் துண்டாகும். பாண்டிங் முறையில் இரண்டு வழியும் சேர்ந்தே ஓடுகின்றன. சிறு துண்டுகளாகப் போகும் தரவுப் பொட்டலங்கள் எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் ஒன்றுகூடி, ஒரே முகவரியிலிருந்து வெளியேறும். ஒரு வழி அறுந்தாலும் எதிராளிக்குத் தெரியாது. ஒரே பொட்டலத்தை இரண்டிலும் அனுப்பச் சொன்னால் இன்னும் உறுதி, ஆனால் டேட்டா இரட்டிப்பாகச் செலவாகும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தட்டு சராசரியாக 60 வாட் இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 480 வாட்-மணி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இதற்கே போய்விடும்.

புது இடத்துக்கு, வேலை நாளுக்கு முந்தைய மாலையே போய்ச் சேர்ந்து, டவரில் கூட்டம் அதிகமாகும் அந்த நேரத்திலேயே சோதித்துப் பாருங்கள். டவுன்லோடு வேகத்தைவிட அப்லோடைக் கவனியுங்கள். அப்புறம், சிறு பொட்டலங்களை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எத்தனை பொட்டலம் தொலைந்தது என்று எண்ணுங்கள். தொடர்ந்து தொலைந்தால் இருட்டுவதற்குள் வண்டியைச் சில அடி நகர்த்திப் பார்க்க அவகாசம் இருக்கும்.