எஸ்.எம்.பி.எஸ்.: மின்வழங்கி

கோவை காந்திபுரத்திலோ ஈரோட்டிலோ உள்ள கணினிக் கடையில் ‘மின்வழங்கி வேண்டும்’ என்று கேட்டால், கடைக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “எஸ்.எம்.பி.எஸ்.ஸுங்களா? எத்தனை வாட்ஸுங்க?” என்று திருப்பிக் கேட்பார். வீட்டு மின்னிணைப்பின் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை வாங்கி, கணினியின் உள்ளுறுப்புகளுக்கு ஏற்ற 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தரும் பெட்டிக்கு இங்கே வழங்கும் பெயர் அந்த நான்கெழுத்துதான். ‘ஸ்விட்ச்டு மோடு பவர் சப்ளை’ என்னும் விரிவை அறிந்தவர்களிலும், அதிலுள்ள ‘ஸ்விட்ச்’ எது என்று கேட்டால் பெட்டியின் பின்புறப் பொத்தானைக் காட்டுபவர்கள் உண்டு. அது அந்தப் பொத்தான் அன்று.

ஆங்கிலத்தில் ‘ஸ்விட்ச்’ முதலில் குறித்தது, குதிரையை அடிக்கப் பயன்பட்ட மெல்லிய விளாரை. இருப்புப்பாதையில் வண்டியைத் தடம் மாற்றும் அமைப்புக்கும், அதன் பின்னர் மின்சுற்றைத் திறந்து மூடும் கருவிக்கும் அச்சொல் ஏறியது. நம் பெட்டிக்குள் அந்த வேலையைச் செய்வது டிரான்சிஸ்டர். அது நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் வயலுக்கு வேண்டிய அளவு நீரை மடையைத் திறந்தும் அடைத்தும் விடுகிறோம் அல்லவா, அதே முறைதான். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் வெளிவரும் மின்னழுத்தம் நிலைநிறுத்தப்படுகிறது. பழைய நேரியல் மின்வழங்கிகளோ மிஞ்சிய மின்னழுத்தத்தை வெப்பமாக வீணாக்கின. 50 ஹெர்ட்ஸில் இயங்கும் கனமான மின்மாற்றியையும் சுமந்தன. அதிர்வெண் உயர்ந்தால் மின்மாற்றியின் உள்ளகம் சிறிதாக இருந்தாலே போதும் என்பதால்தான் இன்றைய பெட்டி ஒரு கைக்குள் அடங்குகிறது.

‘ஸ்விட்ச்’ என்பதற்குச் ‘சொடுக்கி’ என்னும் சொல் உண்டெனினும், கணினித் தமிழில் ‘சொடுக்கு’ சுட்டியின் செயலுக்கு உரியதாகிவிட்டமையால் இங்கே அது குழப்பும். இலங்கைத் தமிழரின் ‘ஆளி’ அழகிய சொல், ஆனால் கொங்கு நாட்டில் அதைச் சொன்னால் யாளியை நினைப்பார்கள். எனவே முழுப்பெயர் வேண்டுவோர் ‘நிலைமாற்று முறை மின்வழங்கி’ எனலாம். வீட்டுக் கணினிக்கு வேறு வகை இன்று விற்பனைக்கே இல்லாததால் ‘மின்வழங்கி’ என்பதே போதும் என்பது என் கருத்து. வெறும் ‘வழங்கி’ என்றால் ‘சர்வர்’ ஆகிவிடும்; முன்னொட்டை விடக் கூடாது.

‘சப்ளை’ என்பதன் வேர், நிரப்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். அந்தப் பொருளே பலரையும் தவறாக எண்ண வைக்கிறது: 650 வாட் பெட்டி, குடத்தை நிரப்புவதுபோல 650 வாட்டையும் எப்போதும் கணினிக்குள் தள்ளிக்கொண்டிருக்கும் என்று அஞ்சுகிறார்கள். வழங்கி கேட்டதைத்தான் வழங்கும். எண் அதன் உச்சவரம்பு. கிணற்று மோட்டாரின் தகட்டில் ‘5 ஹெச்.பி.’ என்றிருப்பது அதன் தண்டு தரக்கூடிய திறன், ஏறத்தாழ 3,730 வாட். அது இழுக்கும் மின்சாரம் அதனினும் கூடுதல் என்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். மின்வழங்கியின் வாட்டும் அவ்வாறே வெளியீட்டைச் சொல்வது. 300 வாட் வெளியே தரும்போது 80 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட பெட்டி சுவரிலிருந்து 375 வாட் இழுக்கும்; அந்த 75 வாட் வெப்பமாகிறது, இ.பி. கட்டணத்திலும் ஏறுகிறது. 2004இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ முத்திரை சான்று கூறுவது இந்த விகிதத்துக்குத்தானே தவிர, பெட்டியின் மொத்தத் தரத்துக்கு அன்று.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, 65 வாட் செயலி கொண்ட சாதாரண வீட்டுக் கணினி, முழு வேலையிலும் 150 வாட் அளவைத் தாண்டுவது அரிது. நல்ல 450 வாட் மின்வழங்கி அதற்குத் தாராளம். 200 வாட் கார்டு சேர்ந்தால், செயலிக்கும் பிறவற்றுக்கும் மற்றொரு 200 வாட் வைத்து, கார்டு திடீரென்று கூடுதலாக இழுக்கும் தருணங்களுக்கு இடம் விட்டு, 550 முதல் 650 வரை தேர்வது தகும். பெரிய எண்ணைவிட முக்கியமானது, பக்கவாட்டு ஒட்டியில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்பது. செயலியும் கார்டும் உண்பது அந்த வரிசையைத்தான். 12 வோல்ட்டை 37 ஆம்பியரால் பெருக்கினால் 444 வாட். 450 என்று பெரிதாக அச்சிட்டுவிட்டு அங்கே 16 ஆம்பியர் மட்டும் காட்டும் பெட்டி உண்மையில் அவ்விரண்டுக்கும் 192 வாட் மட்டுமே தரும். கேபினெட்டோடு இலவசமாகச் சேர்ந்து வந்த அப்படியொரு பெட்டியை நம்பி, ஒரு கோடைக்கால மாலையில் மதர்போர்டையும் சேர்த்து இழந்தேன். ஒட்டியில் எல்லாம் எழுதித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

பழைய பெட்டி வாங்குவோர் பின்புறத்துச் சிவப்பு நிற மாற்றியையும் பார்க்க வேண்டும். அது 115இல் இருக்க நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் உள்ளே மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும். புதியவை பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே ஏற்பதால் அவற்றில் இந்த மாற்றி இராது.