இனிப்பே தெரியாத நாக்கு, சர்க்கரை நோய் வந்த பூனை

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். அவர் வீட்டுப் பூனை முத்துவுக்கு 11 வயது. சில மாதங்களாகத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வைக்கக் காலியாகியிருக்கிறது. மணல் தட்டை ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்திருக்கிறது. 7 கிலோ இருந்த பூனை, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டும் 5 கிலோவுக்கு இறங்கிவிட்டது. அப்புறம் ஒரு நாள் காலையில் பின்னங்கால்களைக் குதிகால்வரை தரையில் பதித்து, தேய்த்துத் தேய்த்து நடந்து வந்திருக்கிறது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் சர்க்கரை நோய் என்றார்கள். கூடவே சிறுநீரகம் பலவீனம், ஈறில் சீழ்.

“தம்பி, இது இனிப்பையே தொடாதே. பூனைக்கு எப்படிச் சர்க்கரை வரும்? நான் ஏதும் தப்பாகக் கொடுத்துவிட்டேனா? ஊசி போட்டு அந்த வாயில்லா ஜீவனை ஏன் வதைக்கிறாய் என்று மாமியார் தினமும் கேட்கிறார்” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அக்கா, இனிப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பூனைக்கு இனிப்பு தெரியவே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து உருவாவது. அதில் ஒன்றுக்கான மரபணுவில் 247 எழுத்துகள் காணாமல் போயிருப்பதை அமெரிக்காவின் மோனல் ஆய்வு மையத்தினர் 2005-இல் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் சீட்டாவுக்கும் இதே கதைதான். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு நாக்கின் அனுமதி தேவையில்லை. இறைச்சியை மட்டுமே தின்று வாழப் பிறந்த விலங்கு, இறைச்சிப் புரதத்திலிருந்தே ஈரலில் குளுக்கோஸ் செய்துகொள்ளும். அந்த அடுப்பை அது அணைப்பதே இல்லை. குளுக்கோஸை உயிரணுக்களுக்குள் சேர்ப்பது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். இதெல்லாம் பள்ளிப் பாடம்தான். நம் கதை அந்தக் கணையத்துக்குள் இருக்கிறது.

கணையத்தில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று குட்டிக் குட்டித் தீவுகள் உண்டு. அங்குள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி வெளியே அனுப்புகின்றன. அதே பையில் இன்னொரு பொருளும் கூடவே பயணம் செய்கிறது. அதன் பெயர் அமிலின். 37 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. நல்ல வேலைதான் செய்கிறது. இரைப்பையை மெதுவாகக் காலியாக்கும், ‘போதும், வயிறு நிறைந்தது’ என்று மூளைக்குச் சொல்லும்.

1901-இல் யூஜின் ஓப்பி என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், நீரிழிவில் இறந்தவர்களின் கணையத் திட்டுகளில் கண்ணாடி மாதிரி பளபளப்பான ஒரு படிவைப் பார்த்து எழுதிவைத்தார். அது என்ன பொருள் என்று தெரிய 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1987-இல் சுவீடனின் உப்சாலாவில் பெர் வெஸ்டர்மார்க் குழுவினர் அந்தப் படிவைப் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து தெரியுமா? ஒன்று, மனிதக் கணையத்தில் வந்த ஒரு கட்டி. இன்னொன்று, சர்க்கரை நோய் வந்த பூனையின் கணையம். இரண்டிலும் இருந்தது ஒரே பொருள், அமிலின். அதே ஆண்டில் கார்த் கூப்பர் குழுவினர் நீரிழிவுள்ள மனிதர்களின் கணையத்திலிருந்தும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். நம் நோயின் ஒரு பெரிய முடிச்சை அவிழ்க்கும்போது ஒரு பூனையும் பக்கத்தில் இருந்திருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது சிலிர்க்கும்.

ஒழுங்காக வேலை பார்க்கும் அமிலின் ஏன் படிந்து உறைகிறது? அமினோ அமிலச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கொடுக்க ஒரு ஹைட்ரஜன், இன்னொன்றில் வாங்க ஓர் ஆக்சிஜன். பக்கத்துச் சங்கிலியின் கண்ணி கையை நீட்டினால் இது பிடித்துக்கொள்ளும். ஒரு பிடி பெரிய பலமில்லை. ஆனால் ஒரு வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று ஆயிரக்கணக்கில் கைகோத்து நின்றால் பாய் பின்னியதுபோல் இறுகிவிடும். அப்புறம் அது கரையாது, உடலாலும் எளிதில் பிரிக்க முடியாது. இந்தப் படிவைத்தான் அமிலாய்டு என்கிறார்கள்.

அமிலினில் இந்தக் கைகோப்புக்கு முக்கியமான இடம் 24 முதல் 28 வரையுள்ள கண்ணிகள். மனிதனில் அங்கே இருப்பவை கிளைசின், அலனின், ஐசோலூசின், லூசின், செரின். பூனையிலும் அதே ஐந்து, அதே வரிசை. எலியைப் பாருங்கள். 25, 28, 29 ஆகிய மூன்று இடங்களிலும் புரோலின் உட்கார்ந்திருக்கிறது. புரோலின் ஒரு தனிப்பிறவி. அதன் பக்கக் கிளை வளைந்து வந்து தன் முதுகெலும்பின் நைட்ரஜனையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிப்போட்ட ஆள் மாதிரி. கொடுக்க ஹைட்ரஜன் இல்லை. உடம்பும் நேராக நிற்காது, கோணலாக நிற்கும். கைகோத்த வரிசையில் அப்படி மூன்று பேர் நடுவில் நின்றால் வரிசை எப்படி நிற்கும்? எலியின் அமிலின் படிவதில்லை. மனிதனுடையதும் பூனையுடையதும் படிகின்றன.

இந்த அறிவு காகிதத்தில் தூங்கவில்லை. அமிலினையே மருந்தாகப் போடலாமே என்று பார்த்தால், மனித அமிலின் ஒட்டிக்கொண்டு கட்டியாகும் பொருள், மருந்துக்கு ஆகாது. எலியைப் பார்த்து அதே மூன்று இடங்களில் புரோலினை மாற்றி வைத்தார்கள். கலங்காத மருந்து கிடைத்தது. பிராம்லின்டைடு என்ற பெயரில் 2005-இல் அமெரிக்காவில் மனிதர்களுக்கு அனுமதியும் வாங்கியது.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் சுகாதார அமைச்சு 2016-இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. பானங்களுக்குச் சர்க்கரை அளவைக் காட்டும் எழுத்துக் குறியீடுவரை வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் எலிக்கு இந்தப் படிவை வரவைக்க மனித மரபணுவை உள்ளே புகுத்த வேண்டியிருக்கிறது. பூனைக்கோ அது தானாகவே வருகிறது. அதுவும் நம் வீட்டிலேயே, நம்மைப் போலவே நடமாட்டம் குறைந்து, எடை கூடி, நடுத்தர வயது தாண்டிய பிறகு. 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனைக்கு இடமில்லாமல் இருந்தது. 2024 செப்டம்பர் முதல் உரிமம் எடுத்து இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். பூனைகள் கணக்குக்குள் வந்துவிட்டன. நீரிழிவு ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு விலங்கு மருத்துவத்துக்கும் போனால், பூனைகளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன்.

சரி, முத்துவிடம் வருவோம். படிவு ஒரு பக்கம் பீட்டா செல்களைக் கொல்கிறது. மிச்சமிருக்கும் செல்கள் இரத்தத்தில் ஏறிய சர்க்கரையிலேயே ஊறி மயங்கிக் கிடக்கின்றன. செத்தவை திரும்பாது. மயங்கியவை திரும்பும்! வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கினால் அவற்றுக்கு ஓய்வு கிடைக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்து, மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவையும் சேர்த்தால், சில பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுகின்றன. ஊசி வதை இல்லை என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம், அக்கா. இன்சுலின் ஊசியின் முனை தலைமுடி போல மெல்லியது. கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, முத்து கிண்ணத்தில் முகம் புதைத்திருக்கும்போது போட்டால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது.

முத்துவின் சிக்கல் இன்னொன்று. அதற்கு நோய் ஒன்று இல்லை, மூன்று. மூன்றும் ஒரே கயிற்றை இழுக்கின்றன.

ஈறில் சீழ் இருந்தால் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காது. ஊசி அளவு ஏறிக்கொண்டே போகும். பல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்ததும் அதே அளவு திடீரென்று அதிகமாகிவிடலாம். சர்க்கரை தடாலென்று இறங்கும். அந்த நாட்களில்தான் அடிக்கடி சோதிக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கோ குடல் நோய்க்கோ ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலும் இதே கதை. பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து வளர்ச்சி ஹார்மோன் கொட்டினாலும் இன்சுலின் வேலை செய்யாது. 2015-இல் லண்டன் ராயல் விலங்கு மருத்துவக் கல்லூரியினர் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் உள்ள பூனைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இது இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அளவு ஏற்றி ஏற்றியும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

சிறுநீரகம் வேறு மாதிரிச் சங்கடம். சர்க்கரைக்குப் புரதம் கூடிய, மாவுச்சத்துக் குறைந்த உணவு வேண்டும். சிறுநீரகத்துக்கென்று விற்கும் உணவில் பாஸ்பரஸையும் புரதத்தையும் குறைத்திருப்பார்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் மாவுச்சத்து ஏறியிருக்கும். எந்தப் பக்கம் சாய்வது என்பதைச் சிறுநீரகம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பாஸ்பரஸ் குறைந்த ஈர உணவாகத் தேடி, இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பிடிப்பவர்கள் உண்டு. இன்சுலினை உடைத்து வெளியேற்றும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று என்பதால், அது பலவீனமான பூனையில் ஊசி மருந்தின் வேலை எதிர்பார்த்ததைவிட நீளலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். மனிதனுக்கு இரத்தச் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரில் வழியும். பூனைக்கு அந்த வாசல் உயரம், ஏறத்தாழ 15. நீங்கள் மணல் தட்டில் வெள்ளத்தைப் பார்த்தபோது சர்க்கரை அந்த வாசலைத் தாண்டிச் சில காலம் ஆகியிருக்கும். அதேசமயம், கூடையில் அடைத்து டாக்சியில் கொண்டுபோன பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை எகிறும். அதனால்தான் ஒரே ஒரு அளவை நம்பாமல், கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் நிலவரத்தைச் சொல்லும் ஃப்ரக்டோசமின் சோதனையையும் எடுப்பார்கள். வீட்டிலேயே காது ஓரத்தில் குத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. காதை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் சூடேற்றி, பின்பக்கம் பஞ்சு வைத்து, ஓரமாக ஓடும் மெல்லிய இரத்த நாளத்தில் குத்தினால் கடுகளவு இரத்தம் வரும், அது போதும். மனிதர்களுக்கான கருவி பூனை இரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை மட்டும் மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்குழல் பற்றி ஒரு வார்த்தை, இது என் அனுபவம். எங்கள் வீட்டுப் பூனை செம்பிக்கு முதலில் யு-40 இன்சுலின், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். பிறகு 100 யூனிட் உள்ள யு-100-க்கு மாற்றினார்கள். முதல் நாள் இரவு பழைய குழலிலேயே 2 யூனிட் கோடுவரை இழுத்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் யு-40 குழலுக்கே உரிய சிவப்பு மூடி கண்ணில் பட்டது. யு-40 குழலில் 2 யூனிட் என்பது 0.05 மில்லிலிட்டர். அந்த இடத்தில் யு-100 மருந்து இருந்தால் அது 5 யூனிட். இரண்டரை மடங்கு. போட்டிருந்தால் செம்பி விடியும்வரை இருந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். மருந்து மாறினால் பழைய குழல்களை அன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றுங்கள்.

தடுமாற்றம், நடுக்கம், வெறித்த பார்வை தெரிந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஈறில் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பிடாமல், வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தால் அதுவும் காத்திருக்கக் கூடாத அவசரம். கொழுப்பை எரித்து எரித்து இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கலாம்.

பாவற்காய்ச் சாறு கொடுக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பூனைக்கு இனிப்புத்தான் தெரியாது, கசப்பு நன்றாகவே தெரியும். நுரை தள்ளி, சாப்பாட்டையே வெறுத்துவிடும். சாப்பிடாத பூனைக்கு இன்சுலின் போட முடியாது, ஈரலிலும் கொழுப்பு அடைத்துக்கொள்ளும். யாரோ சொன்னார்கள் என்று பூண்டைத் தட்டிப் போடாதீர்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். முன்வினை, கண்ணேறு என்று பேசுபவர்களிடம் அந்தப் புரோலின் கதையைச் சொல்லுங்கள். எலியிடம் 25, 28 ஆகிய இடங்களில் இருக்கும் புரோலின் முத்துவிடம் இல்லை. உங்களிடமும் என்னிடமும்கூட இல்லை. அதற்கு யாரும் பாவம் செய்திருக்க வேண்டியதில்லை.

பின்னங்கால் விஷயம் மிச்சம். சர்க்கரையில் ஊறிய நரம்புகளும் அவற்றின் உறையும் பழுதாவதால்தான் குதிகால் தரையைத் தொடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு இது மெல்ல மெல்லத் தேறும். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. பல் எடுத்து ஆறு வாரம் ஆகிறதாம், ஊசி அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்களாம். சமையலறைத் தரையில் முத்து நிற்கிறது. குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மாமியார்தான் விரலை வைத்து அளந்து காட்டியிருக்கிறார்.