12 சென்டிமீட்டர் கைக்கு ஒரு பேஸ் கிட்டார்

என் மகளின் இடது கையை மேசைமேல் விரிக்கச் சொல்லி, சுட்டுவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளந்தேன். வலிக்காமல் விரியும் அகலம் 12 சென்டிமீட்டர். அவளுக்கு 13 வயது. தாழ்ந்த சுரங்களை எழுப்பும் நான்கு கம்பி பேஸ் கிட்டாரைக் கற்கத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. இரவல் வாங்கிய வாத்தியத்தை அரை மணி நேரம் வாசித்தாலே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சோம்பல் என்று அவளைச் சொல்ல முடியாது. அந்த வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே பதிந்த உலோகக் கோடுகளான மெட்டுகளில், முதல் மெட்டிலிருந்து நான்காம் மெட்டு வரை உள்ள தூரம் 13 சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்காக அவள் கை ஒவ்வொரு சுரத்திலும் தன்னை இழுத்துக்கொண்டே இருந்தது.

அவள் கைக்கு ஏற்ற வாத்தியத்தை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். ஒரு சென்டிமீட்டரைக் குறைப்பதுதானே என்றுதான் தொடங்கினேன். கம்பியின் தடிமன், இழுவிசை, கழுத்தின் வளைவு, மரத்தின் எடை என்று ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நகர்ந்தது. பேஸ் கிட்டார் எப்படி வேலை செய்கிறது என்பதை அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டாரில் விரல் அழுந்தும் உலோகக் கோடுகளையும், உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதியையும் குறிக்க வீணைக்காரர்கள் நமக்கு ஏற்கெனவே அழகான சொற்களைத் தந்திருக்கிறார்கள்: மெட்டு, குதிரை. அவற்றையே இங்கே பயன்படுத்துகிறேன்.

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி ‘ஈ’. மெட்டு எதையும் தொடாமல் மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும், அதாவது 41.2 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே ‘ஏ’ 55, ‘டி’ 73.4, ‘ஜி’ 98 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் கடைசி நான்கு கம்பிகளுக்கு இவை சரியாக ஒரு ஸ்தாயி கீழே. ஒரு கம்பியின் அதிர்வெண்ணை மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன. நீளம் இரண்டு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். ஒரு மீட்டர் கம்பியின் எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். பிரெஞ்சுப் பாதிரியார் மரின் மெர்சென் 1636-இல் இதை முழு விதியாக எழுதி வைத்தார்.

அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, இழுவிசைக்கும் சுருதிக்கும் உள்ள உறவைக் கம்பியில் எடைகளைத் தொங்கவிட்டுக் கண்டறிந்தவர் இத்தாலியின் வின்சென்சோ கலிலி. லூட் என்ற தந்தி வாத்தியத்தின் கலைஞர், கலிலியோவின் தந்தை. எடையை இரண்டு மடங்காக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்று பைதாகரஸ் பெயரால் பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த கதையை அவர் கம்பியிடமே கேட்டுப் பார்த்தார். நான்கு மடங்கு எடை வேண்டியிருந்தது. நூல் சொல்வதை விட்டுப் பொருளைக் கேட்கும் அந்தப் பழக்கம் மகனுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சாதாரண கிட்டாரின் கம்பி நீளம் பெரும்பாலும் 25.5 அங்குலம். நீளத்தால் மட்டும் ஒரு ஸ்தாயி இறங்க வேண்டுமென்றால் 51 அங்குலம் தேவை. எந்தக் கையும் அதை எட்டாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் 34 அங்குலத்தில் நின்றது. மீதித் தாழ்வைக் கம்பியின் எடையிலிருந்து எடுத்துக்கொண்டது. கிட்டாரின் தாழ்ந்த கம்பி சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் பேஸின் தாழ்ந்த கம்பி 2.5 மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் அவ்வளவு தடித்த எஃகுக் கம்பி கம்பியாக இருக்காது, கோலாகிவிடும். கோல் விறைப்பானது. அதில் கூடவே ஒலிக்கும் மேல்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 மடங்குகளில் சரியாக உட்காராமல் மேலே விலகிப்போகும். காதுக்கு அது தகரத்தைத் தட்டியது போலிருக்கும். அதனால்தான் மெல்லிய எஃகு நடுக்கம்பியைச் சுற்றி நிக்கலோ எஃகோ சுருளாகச் சுற்றப்படுகிறது. சுருள் எடையைக் கூட்டும், விறைப்பை அதிகம் கூட்டாது. கையில் ஒரு பேஸ் கம்பி கிடைத்தால் அதன் வரிகளை நகத்தால் வருடிப் பாருங்கள். அந்தச் சுருள் இல்லாமல் பேஸ் கிட்டார் என்ற வாத்தியமே சாத்தியமில்லை.

என் மகளுக்கு நான் தேர்ந்தது 30 அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். இது புதிதல்ல. பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸும் குறுகிய நீளம் கொண்டதுதான். முதல் மெட்டிலிருந்து நான்காம் மெட்டு வரை இப்போது 11.4 சென்டிமீட்டர். 12 சென்டிமீட்டர் கை அதற்குள் நிம்மதியாக அமரும்.

ஆனால் கம்பி தன் கணக்கைக் கேட்கும். அதே கம்பியை, அதே சுருதியில், 34-இலிருந்து 30 அங்குலத்துக்குக் குறைத்தால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது: 22 சதவீதம் போய்விடும். விரலுக்கு மென்மை, ஆனால் தளர்ந்த கம்பி அகலமாக ஆடி மெட்டுகளில் மோதி இரையும், பலமாக மீட்டினால் சுருதி ஒரு கணம் ஏறி இறங்கும். பழைய இழுவிசையை முழுதாகத் திரும்பப் பெற ‘ஈ’ கம்பி 2.9 மில்லிமீட்டர் வரை தடிக்க வேண்டும். தடித்தால் மீண்டும் விறைப்பு வரும். நான் நடுவழியில் நின்றேன். 2.54 மில்லிமீட்டருக்குப் பதில் 2.67 போட்டேன். இழப்பு 22 சதவீதத்திலிருந்து 14-க்கு வந்தது. ‘ஈ’ கம்பியின் தெளிவில் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். அவள் மணிக்கட்டுக்கு அது தகும்.

அடுத்தது மெட்டுகள். இந்தக் கட்டத்தைத்தான் நான் மிகவும் நேசித்தேன். மேற்கத்திய சுர அமைப்பில் ஒரு ஸ்தாயி 12 சமப் படிகள். ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 1.0595 மடங்கு ஏறுகிறது. 12 முறை பெருக்கினால் சரியாக 2. இதைக் கம்பி நீளத்துக்கு மாற்றினால் ஓர் எளிய விதி கிடைக்கும்: மீதமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த மெட்டு எங்கே என்று தெரிந்துவிடும். 762-ஐ வகுத்தால் 42.77 மில்லிமீட்டர், அங்கே முதல் மெட்டு. மீதியை மறுபடி வகுத்தால் 40.37, முதல் மெட்டிலிருந்து அவ்வளவு தள்ளி இரண்டாவது. மேலே போகப்போக மெட்டுகள் நெருங்கிவரும். 12-ஆம் மெட்டு சரியாகப் பாதியில், 381 மில்லிமீட்டரில் விழும்.

வின்சென்சோ கலிலி 1581-இல் 17.817-க்குப் பதிலாக 18-ஐச் சொல்லியிருந்தார். கையால் வகுக்க எளிய எண். அந்த விதிப்படி 12-ஆம் மெட்டு என் வாத்தியத்தில் 2.8 மில்லிமீட்டர் முன்னதாகவே விழும். கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறுவதால், அந்தப் பிழையில் ஒரு பகுதி தானாகவே சரியாகிவிடும். இன்று அதே ஏற்றத்தை வேறு வழியில் சரிசெய்கிறோம்: குதிரையில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனித் தாங்கி உண்டு, அதைத் திருகால் ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் தள்ளுகிறோம். 12-ஆம் மெட்டின்மேல் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றானால் வேலை முடிந்தது.

வீணை செய்பவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கரி கலந்த மெழுகின்மேல் 24 மெட்டுகளை வைத்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிலைநிறுத்துகிறார்கள். சூத்திரம் அங்கே காதில் இருக்கிறது. என்னிடம் அந்தக் காது இல்லாததால் எண்களை நம்பினேன். ஒரு தவறு மட்டும் செய்தேன்: முதல் கழுத்தில் ஒரு மெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனேன். ஒவ்வொன்றிலும் கால் மில்லிமீட்டர் பிசகு ஒரே பக்கமாகச் சேர்ந்து, 20-ஆம் மெட்டுக்குள் அது 5 மில்லிமீட்டராகிவிட்டது. அந்தப் பலகை வீணானது. எல்லா மெட்டுகளையும் கழுத்தின் மேல்முனையிலிருந்தே அளக்க வேண்டும்.

நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை 70 கிலோ எடைக்கு அருகில் இழுக்கின்றன. பகல் இரவு ஓயாமல், வாத்தியம் சுவரில் தொங்கும்போதும் இழுக்கின்றன. வெறும் மரம் வில்லாக வளைந்துவிடும். அதற்காகக் கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பியைப் புதைத்து, முனையில் உள்ள மரையை முறுக்கி எதிர்ப்பக்கமாக வளைக்கிறோம். ட்ரஸ் ராட் என்று பெயர். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ இதற்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். கழுத்தை நேர்க்கோடாக ஆக்குவது இதன் நோக்கமல்ல. அதிரும் கம்பி நடுவில் அகலமாக ஆடும், ஆகவே கழுத்தும் நடுவில் அரை மில்லிமீட்டருக்குக் குறைவாகக் குழிந்திருக்க வேண்டும். சென்னையின் ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடிக்கும், சித்திரையில் காயும். ஆண்டுக்கு இரண்டு முறை அந்த மரையைக் கால் சுற்று திருப்ப வேண்டிவரும். இதை என் மகளுக்கே கற்றுக்கொடுத்துவிட்டேன்.

மரத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். மின்சார பேஸில் உடல் மரம் ஒலியைத் தீர்மானிக்கிறது என்பதை நான் பெரிதாக நம்பவில்லை. கம்பியும், அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் இடமும், ஒலிபெருக்கியும் செய்யும் மாற்றத்தின் முன்னே அது சிறிது. ஆனால் 13 வயதுத் தோளுக்கு மரத்தின் எடை மிகப் பெரிய விஷயம். தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் நிற்கும்; அதைவிட லேசான மலைவேம்பை உடலுக்கு எடுத்தேன். உடல் லேசானால் தலைப்பக்கம் கனத்துக் கழுத்து கீழே சாயும் என்பது அதன் விலை. தலைப்பக்கம் கம்பிகளை முறுக்கும் முறுக்காணிகளையும் லேசானவையாக வாங்கி, தோள்பட்டைக் கொக்கியை 12-ஆம் மெட்டுக்கு நேராக வரும்படி மேல் கொம்பை நீட்டினேன். விரல்பலகைக்கு ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட். உலகெங்கும் கிட்டார் விரல்பலகைகளில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரம் ஓடிக்கொண்டிருக்கிறது. காட்டில் குறைந்துவருவதால் 1994-இல் தமிழ்நாடு அதற்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. நான் ஒரு பழைய கட்டிலின் சட்டத்தை அறுத்துப் பயன்படுத்தினேன்.

பழைய மரம் என்றதும் ஒரு நினைவு. இங்கிலாந்தில் 1963-இல் 16 வயதுப் பையன் ஒருவன் மின்னணுவியல் தெரிந்த தன் தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மகோகனியில் கழுத்துச் செதுக்கி, மோட்டார் சைக்கிளின் வால்வு சுருள்வில்களைப் போட்டு ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினான். பின்னாளில் குயீன் இசைக்குழுவில் புகழ்பெற்ற பிரையன் மே அவர். பிக்கப்பையும் அவர்களே காந்தம் வைத்துச் சுற்றினார்கள். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கும்போது அதில் வேண்டாத இரைச்சல் வந்ததால் பிறகு கடையில் வாங்கிப் போட்டார்கள். அப்படிப்பட்டவர்களே தடுமாறிய இடம் என்பதால் நான் பிக்கப்பைச் சுற்ற முயலவில்லை.

பிக்கப் என்பது நிலையான காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றிய, தலைமுடியைப் போன்ற செப்புக் கம்பியும்தான். காந்தம் மேலே உள்ள எஃகுக் கம்பியையும் காந்தமாக்குகிறது. கம்பி ஆடும்போது சுருளைக் கடக்கும் காந்தப் பாயம் மாறுகிறது; மாறும் பாயம் மின்னழுத்தத்தை எழுப்பும் என்பது ஃபாரடே 1831-இல் கண்டது. நைலான் கம்பி போட்டால் பிக்கப்புக்கு எதுவும் கேட்காது.

சுருளுக்கு இன்னொன்றும் கேட்கிறது: வீட்டு மின்சாரம். நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸ். ‘ஈ’ கம்பியின் மூன்றாம் மெட்டு 49 ஹெர்ட்ஸ். இரைச்சலை வடிகட்டினால் சுரமும் போய்விடும். தீர்வு மிக அழகானது. இரண்டு சுருள்கள் வேண்டும். ஒன்றில் காந்த முனையும் சுற்றும் திசையும் இரண்டுமே தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குச் சுற்றும் திசை மட்டுமே கணக்கு, ஆகவே இரண்டு சுருள்களிலும் எதிரெதிராக வந்து அழிகிறது. கம்பியின் ஒலிக்கு இரண்டு தலைகீழ்களும் சேர்ந்து நேராகிவிடுகின்றன, ஆகவே அது பிழைக்கிறது. பிரிசிஷன் பேஸில் 1957 முதல் இந்த இரட்டைச் சுருள்தான், இரண்டு கம்பிகளுக்கு ஒன்றாக. என் மகளுடையதிலும் அதே.

கடைசியாகக் குதிரையைப் பொருத்தினேன். அங்கே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கழுத்து நான்கு திருகுகளால் உடலோடு சேர்கிறது, கழற்றலாம். 20-ஆம் மெட்டிலிருந்து குதிரை வரை 30 அங்குல வாத்தியத்தில் 240 மில்லிமீட்டர், 34 அங்குலத்தில் 272. அவள் கை வளரும். அன்று நீண்ட கழுத்து ஒன்றைச் செய்து மாட்டி, குதிரையை 32 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினால் போதும்; இதே உடல் முழு அளவு பேஸாகிவிடும். அதற்காகக் குதிரைக்குப் பின்னே மலைவேம்பில் நான்கு சென்டிமீட்டரை வெறுமனே விட்டிருக்கிறேன். அந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று அவள் கேட்டாள். சொன்னேன். அன்று மாலை அவளே ஸ்கேலை எடுத்துவந்து கையை மறுபடி அளந்து பார்த்தாள். 12 சென்டிமீட்டரும் இரண்டு மில்லிமீட்டரும்.