அறுபது வயதுக்கு மேல் எடை குறைந்தால் சந்தோஷப்படலாமா?

உணவு ஆலோசனைக்கு வரும் பெரியவர்கள் பலர் உட்கார்ந்ததுமே சொல்வது, "வெயிட் நல்லா குறைஞ்சிடுச்சு மேடம்." சர்க்கரை வந்த பிறகு ஒவ்வொன்றாக விட்டிருப்பார்கள். கிழங்கு ஆகாது, பழம் ஆகாது, பருப்பு வாயு, முட்டை கொழுப்பு. பல்செட் போட்டபின் கறியும் போயிற்று. மிஞ்சுவது காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி. மூன்று வேளையும் அரிசிதான்; இட்லியில் கொஞ்சம் உளுந்து உண்டு, அவ்வளவே.

இப்படிக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தொப்பை அப்படியே இருக்கும், தொடையும் கெண்டைக்காலும் சூம்பிவிடும். எடை மெஷின் இதைக் காட்டாது. அதனால் நான் இஞ்ச் டேப்பை எடுத்துவிடுவேன். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் குறைந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்கிறது ஆசியர்களுக்கான 2019 வழிகாட்டுதல். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அப்படித்தான். வீட்டில் செய்து பார்ப்பதானால் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

சரி, குண்டாகவே இருக்கலாமா? அதுவும் இல்லை. முட்டிவலியும் ரத்த அழுத்தமும் விடாது. ஆனால் முதுமையில் கீழ் எல்லையையும் பார்க்க வேண்டும். ஜப்பான் அரசு இளையவர்களுக்கு பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு) 18.5 முதல் போதும் என்கிறது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கோ 21.5 முதல் 24.9 வரை. முயற்சி எதுவும் செய்யாமலே ஓராண்டுக்குள் 60 கிலோவில் 3 கிலோ போனால், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கஞ்சியை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதிலேயே பாசிப்பருப்பைக் குழைய வேகவிடலாம். முருங்கைக்கீரையைப் பருப்போடு கடையலாம். மீனை முள் நீக்கி உதிர்க்கலாம், கொண்டைக்கடலையை மசிக்கலாம். மெல்லும் வேலையே இல்லை. முதியவர்களுக்குத் தினமும் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ இருப்பவருக்கு 60 கிராமாவது வேண்டும். இட்லி, ரசம், கஞ்சியில் அதில் பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள், குறிப்பாகச் சைவர்கள், வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்; அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும். அதைச் சர்க்கரையின் தலையில் மட்டும் போட்டுவிட வேண்டாம்.