எலும்பே இல்லாமல் எடுத்த மரபணு

"நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்திலிருந்து மரபணு ஆய்வில் மட்டும் இத்தனை பெரிய கண்டுபிடிப்புகள் வருகின்றனவே, கலப்பில்லாத இனம் என்பதாலா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வியின் முன்பாதி அருமை. பின்பாதியில் ஒரு மூடநம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது. அதை முதலில் எழுப்பி அனுப்பிவிடுவோம்.

ஐஸ்லாந்தில் மனிதர்கள் குடியேறியது கி.பி. 870-ஐ ஒட்டி. நார்வேயிலிருந்து வைக்கிங்குகள் கப்பலேறி வந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோமைப் பார்த்தால் கதை சரிதான். குடியேறிய ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்காண்டிநேவியர்கள். அம்மா வழியாக மட்டும் வருகிற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்த்தால் கதை மாறுகிறது. பெண்களில் 60 சதவீதத்துக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம். அவர்களில் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். ஆக, முதல் தலைமுறையே கலப்புதான். 'தூய ரத்தம்' என்று யாராவது ஆரம்பித்தால் இந்த இரண்டு கணக்கையும் காட்டலாம்.

அப்படியானால் ஐஸ்லாந்தின் பலம் எது? எழுதி வைக்கும் பழக்கம். 1703-லேயே நாடு முழுக்க ஒவ்வொருவர் பெயரையும் வயதையும் குறித்துக் கணக்கெடுத்துவிட்டார்கள். மொத்தம் 50,358 பேர். தேவாலயப் பாதிரியார்கள் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பதிந்துகொண்டே வந்தார்கள். அங்கே குடும்பப் பெயர் வழக்கம் அரிது. நம் இனிஷியலைப் போல அப்பா பெயரோடு 'சன்' அல்லது 'டோட்டிர்' சேர்த்தால் முடிந்தது. தலைமுறைக்குத் தலைமுறை பெயரின் வால் மாறிக்கொண்டே இருப்பதால், ஏடு இல்லாமல் வம்சாவளியைப் பிடிக்கவே முடியாது. இன்று அந்த ஏடுகளெல்லாம் 'இஸ்லென்டிங்காபோக்' என்ற கணினித் தரவுத்தளமாகி, யார் யாருக்கு எத்தனையாவது ஒன்றுவிட்ட உறவு என்று சொல்கின்றன.

இந்த ஏட்டின் மேல் கட்டப்பட்டதுதான் 1996-இல் காரி ஸ்டெஃபான்சன் தொடங்கிய டீகோட் நிறுவனம். 2,636 பேரின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து, அதை வைத்து இன்னும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் வரிசையைக் கணித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. எல்லோரும் ஏதோ ஒரு வகையில் உறவு என்பதால், ஒருவரிடம் படித்த துண்டு இன்னொருவரிடமும் அப்படியே கிடக்கும். நிறுவனம் 2009-இல் திவாலாகி, 2012-இல் 41.5 கோடி டாலருக்கு ஒரு அமெரிக்க மருந்து நிறுவனத்தின் கைக்குப் போனது தனிக்கதை. அந்த விலையில் பெரும்பங்கு, எந்த ஆராய்ச்சி மானியமும் வாங்காமல் பல நூறு ஆண்டுகள் பேனா பிடித்த பாதிரியார்களுடையது என்பது என் கருத்து. உடனடிப் பயன் என்ன என்று கேட்டுக் கேட்டே நிதி ஒதுக்குகிறவர்கள், அந்த ஏடுகளுக்கு ஒரு காசு கொடுத்திருப்பார்களா?

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 2018-இல் டீகோட் ஆய்வாளர்கள், 1827-இல் இறந்துபோன ஒருவரின் மரபணுவை மீட்டெடுத்தார்கள். எலும்பு இல்லை, பல் இல்லை, ஒரு முடிகூட இல்லை.

அவர் பெயர் ஹான்ஸ் யோனாடன். 1784-இல், அப்போது டென்மார்க்கின் காலனியாக இருந்த செயின்ட் குரோய் என்ற கரீபியன் தீவில் பிறந்தவர். அம்மா எமிலியா ரெகீனா, ஆப்பிரிக்க வழி அடிமைப் பெண். அப்பா ஐரோப்பியர். எஜமானர்கள் அவரைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுவந்தார்கள். 1802-இல் நீதிமன்றம், அவர் அடிமைதான், தீவுக்கே திருப்பி அனுப்பலாம் என்று தீர்ப்பளித்தது. (தீர்ப்பெழுதிய நீதிபதி ஓர்ஸ்டெட், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று கண்டுபிடித்த ஓர்ஸ்டெட்டின் தம்பி!) ஹான்ஸ் கம்பி நீட்டினார். ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகக் கிராமத்தில் வணிகக் கிடங்கில் வேலை, பிறகு விவசாயம், திருமணம், இரண்டு குழந்தைகள்.

இனி அவருடைய குரோமோசோம்களைப் பாருங்கள். அம்மா கொடுத்த தொகுதியைச் சிவப்பு ரிப்பன் என்றும், அப்பா கொடுத்ததைப் பச்சை ரிப்பன் என்றும் வைத்துக்கொள்வோம். குழந்தைக்குக் கொடுக்கும்போது ஹான்ஸின் உடல் இரண்டையும் அங்கங்கே வெட்டி, மாற்றி ஒட்டி, ஒரே ரிப்பனாகத்தான் கொடுக்கும். ஆகவே எந்த இடத்தை எடுத்தாலும் குழந்தைக்குச் சிவப்பு கிடைக்குமா, பச்சை கிடைக்குமா என்பது பூவா தலையாதான். ஒரு குழந்தை என்றால் சிவப்பில் சராசரியாகப் பாதி தப்பிக்கும். இரண்டு குழந்தைகள் என்றால், இருவருமே பச்சையைப் பெற்றுவிடும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மீதி முக்கால் பங்கு யாராவது ஒருவரிடம் பிழைத்துவிடும். பேரப்பிள்ளைகளிடம் மறுபடி வெட்டு, மறுபடி ஒட்டு. துண்டுகள் சிறிதாகிக்கொண்டே போகும், சில காணாமலே போகும். ஆனால் வம்சம் பெருகப் பெருக, வெவ்வேறு துண்டுகள் வெவ்வேறு வீடுகளில் பத்திரமாக இருக்கும்.

ஏட்டைப் புரட்டியதில் ஹான்ஸின் சந்ததியர் 788 பேர் என்று தெரிந்தது. அவர்களில் 182 பேரின் டிஎன்ஏவைச் சோதித்தார்கள். அவர்கள் தோற்றத்தில் மற்ற ஐஸ்லாந்துக்காரர்களைப் போலத்தான் இருப்பார்கள். ஹான்ஸின் கொள்ளுப்பேரனிடமே ஆப்பிரிக்கப் பங்கு சராசரியாகப் பதினாறில் ஒன்றுதான். ஆனால் அந்தக் கால ஐஸ்லாந்தில் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள் வேறு யாரும் இல்லாத நிலை. ஆகவே இந்த 182 பேரில் எவரிடம் ஆப்பிரிக்க வரிசை தென்பட்டாலும் அது சிவப்பு ரிப்பனின் துண்டு என்று சொல்லிவிடலாம். ஒருவரிடம் ஒரு குரோமோசோமின் தலைப்பு, அவருடைய தூரத்து உறவினரிடம் அதே குரோமோசோமின் நடுப்பகுதி, இருவரும் பகிரும் ஓர் இடத்தில் விளிம்பு பொருந்துகிறது. கிழிந்த கடிதத்தை ஒட்டுவதுபோல ஒட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில், எமிலியா தன் மகனுக்குக் கொடுத்த தொகுதியில் 38 சதவீதம் கையில் வந்தது.

அப்பாவின் பச்சை ரிப்பன் என்ன ஆயிற்று? அதுவும் சந்ததியரிடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஐரோப்பியருக்குள் ஐரோப்பியர், பாலில் விழுந்த பால். பிரித்தெடுக்க வழியில்லை.

இன்று ஐஸ்லாந்தில் ஆறில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர். அதில் போலந்துக்காரர்கள்தான் அதிகம். இப்போது வருகிறவர்களில் ஒருவரை 200 ஆண்டு கழித்து இதே முறையில் தேடினால் இவ்வளவு சுலபமாகச் சிக்கமாட்டார்.

மீட்ட துண்டுகளை இன்றைய ஆப்பிரிக்க மக்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டபோது, எமிலியாவின் வேர் பெனின், நைஜீரியா, கேமரூன் அடங்கிய பகுதியில் இருப்பது தெரிந்தது. ஹான்ஸ் தன் மகளுக்கு வைத்த பெயர் ஹன்சீனா ரெகீனா. அந்த ரெகீனா, பாட்டியின் பெயர்.