நோட்டா: சொல் விளக்கம்

'மேலே உள்ளவர்களில் எவரும் இல்லை' என்ற பொருளில் வரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் நோட்டா. வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் பெயர்களுக்குக் கீழே கடைசிப் பொத்தானாக இருப்பதால் 'மேலே உள்ளவர்கள்'.

இதற்கு முன்பு இருந்தது 49-ஓ, 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளில் ஒன்று. எழுத்தாளர் ஞாநி இங்கே விடாமல் எடுத்துச் சொன்னது அதைத்தான். ஆனால் அதைப் பயன்படுத்தத் தைரியம் வேண்டும். வாக்குச்சாவடி அலுவலரிடம் போய் "யாருக்கும் போட விருப்பமில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் 17-ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார், நீங்கள் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். கட்சி ஏஜென்ட்டுகள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ரகசியம் ஏது? மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 27-9-2013 அன்று உச்ச நீதிமன்றம் தனிப் பொத்தான் வைக்கச் சொன்னது.

தமிழில்? 'எவருமில்லை' என்பது பொருளுக்குச் சரி. ஆனால் "எவருமில்லைக்குப் போட்டேன்" என்று யாரும் பேச மாட்டார்கள். 'மறுப்பு வாக்கு' என்பதே என் தேர்வு. நோட்டா போட்டவரும் வாக்களித்தவர்தான், வாக்குப்பதிவு சதவீதத்தில் அவரும் உண்டு. வீட்டிலேயே இருந்துவிட்டவர் 'வாக்களிக்காதவர்'. இரண்டையும் 'புறக்கணிப்பு' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது தவறு.

சரி, அந்த வாக்களிக்காதவர் அரசியலைக் குறை சொல்லலாமா? 2017-இல் ஆக்கிரமிப்பு வழக்கு ஒன்றில், தான் ஓட்டே போட்டதில்லை என்று மனுதாரர் சொன்னதும், அப்படியானால் அரசைக் குறை சொல்ல உரிமையில்லை என்று உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம். பேச்சுரிமை தரும் 19-ஆவது பிரிவு விரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஓட்டு சொந்த ஊரிலும் பிழைப்பு வேறு ஊரிலும் இருந்து, லீவும் பஸ் காசும் இல்லாமல் போக முடியாதவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சாவடி பக்கத்துத் தெருவில் இருந்தும் போகாமல் "ஒருத்தனும் யோக்கியன் இல்லை" என்பவருக்கு ஒன்று: அந்த வாக்கியத்துக்கே பொத்தான் வைத்தாயிற்று.

நோட்டாவின் பலம் குறைவு என்பது வேறு விஷயம். 2024-இல் இந்தூர் தொகுதியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோட்டாவை அழுத்தினார்கள். நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவர்தான் எம்.பி. ஆவார் என்பதே இன்றைய விதி.