வெயிலில் ஒரு வெள்ளை, வீட்டில் ஒரு வெள்ளை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் கோயிலில் கல்யாணம் என்றால், காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் கூடாரத்துக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும். என்னோடு கேமரா தூக்கி வரும் தம்பி அன்றைக்குத் தன் புது ஐபேட் ப்ரோவைக் கொண்டுவந்திருந்தான். 2024இல் வந்த மாடல். எடுத்த படங்களை உடனே அதில் ஏற்றி, "அண்ணே, இதுல பாருங்க" என்று நீட்டினான். வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று தானியங்கி ஒளிர்வை அணைத்துவிட்டு, வெளிச்சத்தை முழுக்க ஏற்றினான். படம் பளிச்சென்று வந்தது. பெண் வீட்டார் சுற்றி நின்று பார்த்தார்கள். அது வரைக்கும் நல்லதுதான்.

அன்று இரவே கட்டிலில் சாய்ந்துகொண்டு படங்களைத் திருத்தி, ஆல்பத்துக்கு அனுப்பிவிட்டான். ஆல்பம் வந்ததும் பெண்ணின் பெரியம்மா பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஏன்யா, கல்யாணம் ராத்திரியிலயா நடந்துச்சு?"

அச்சுக்கடையின் மேல் பழி போட முடியாது. கோப்பே இருட்டாகத்தான் இருந்தது. காலையில் ஏற்றிய ஒளிர்வை அவன் இறக்க மறந்ததுதான் காரணம். டேப்லெட் படக்காரர்களுக்கு உதவுமா என்று யார் கேட்டாலும் நான் இந்த ஆல்பத்தில் இருந்துதான் தொடங்குவேன்.

திரையின் ஒளிர்வை நிட் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு கேண்டெலா, அதாவது ஏறக்குறைய ஒரு மெழுகுவர்த்தியின் ஒளியைத் தந்தால் அது ஒரு நிட். இந்த ஐபேட் ப்ரோவின் திரை சாதாரணப் படங்களுக்கே 1,000 நிட் வரை போகும். விலை குறைந்த சாதாரண ஐபேட் 500 நிட்டோடு நின்றுவிடும்.

இப்போது ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்வோம். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. தன்மேல் விழுவதில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். நடுப்பகல் வெயிலில் அதே தாள் சுமார் 28,000 நிட் ஒளிரும். கூடார நிழலுக்குள், வெளிச்சத்தைப் பொறுத்து, எண்ணூறு தொள்ளாயிரம் இருக்கும். இரவில் ஒரு டியூப் லைட் எரியும் வீட்டுக் கூடத்தில்? நாற்பது, ஐம்பது. ஒரே தாள், ஒரே வெள்ளை. ஆனால் வெயிலுக்கும் கூடத்துக்கும் இடையில் ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். நம் கண் இதைக் கண்டுகொள்வதே இல்லை. அது மீட்டர் வைத்து அளப்பதில்லை. சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டு, அந்த இடத்தில் எது வெள்ளையோ அதை வெள்ளை என்று எடுத்துக்கொண்டு, மற்றதை அதோடு ஒப்பிடுகிறது. பால்மரக் காட்டு நிழலில் இருந்து சட்டென்று மண் சாலைக்கு வந்தால் ஒரு நொடி கண் கூசி, பிறகு எல்லாம் சாதாரணமாகிவிடுவதும் இதனால்தான்.

தம்பியின் கண் அன்றிரவு நாற்பது நிட் அறைக்குப் பழகியிருந்தது. கையில் இருந்த திரையோ 1,000 நிட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படமும் கூசியது. 'வெளிச்சம் ஓவராகிவிட்டது' என்று நினைத்து ஒவ்வொன்றையும் இறக்கினான். அவன் இறக்கியது திரையின் மிகையைத்தான், படத்தில் ஒரு குறையும் இல்லை. ஆல்பத்துக்கு அந்தத் திரை தெரியாது. கூடத்து டியூப் லைட் வெளிச்சத்தில் அது நாற்பது நிட்டுக்குத்தான் ஒளிரும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சாம்பல் நிறமாகிவிட்டது.

வெயிலில் உட்கார்ந்து திருத்தியிருந்தால் தவறு நேர் எதிராக நடந்திருக்கும். கண்ணாடியில் வானம் பிரதிபலித்து, படத்தின் கருப்பெல்லாம் வெளிறித் தெரியும். நிழல் பகுதி தெரியவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போவோம். அச்சில் முகங்கள் மாவு பூசினது போல வரும். அந்தக் கூத்தையும் நான் ஒருமுறை பண்ணியிருக்கிறேன், டேப்லெட் இல்லாமலேயே, மடிக்கணினியில்.

வழி ரொம்ப எளிது, செலவும் இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில், அதே விளக்கு விழும்படி வைத்துக்கொண்டு, திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை ஒளிர்வை இறக்க வேண்டும். அப்புறம்தான் படத்தில் கை வைக்க வேண்டும். அச்சுக்காகத் திருத்துகிறவர்கள் பொதுவாக 80 முதல் 120 நிட்டுக்குள் திரையை வைப்பார்கள். நன்றாக விளக்குப் போட்ட அறையில் தாள் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் 1,000 நிட் எதற்கு? கூடாரத்துக்குள் காட்டுவதற்கு. அந்த ஒளி வரும் விதமும் சுவையானது. ஓலெட் திரையில் பின்விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அதிகம் ஒளிரவிட்டால் அந்தப் பொருள் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் இந்த மாடலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஓலெட் அடுக்குகளை வைத்திருக்கிறார்கள். காவடியை இரண்டு தோளும் பங்கிட்டுச் சுமப்பது போல, ஒளியை இரண்டு அடுக்கும் பங்கிட்டுக்கொள்கின்றன.

கருப்பு என்றால் புள்ளியை அணைத்துவிடும், முழு இருட்டு. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெண்ணின் கருங்கூந்தலில் திரையில் இழை இழையாகத் தெரியும் விவரம் அச்சில் அப்படி வராது. தாளில் அச்சிட்ட கருப்பும் விழும் ஒளியில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அதற்குக் கீழே உள்ள நிழல்கள் எல்லாம் ஒரே திட்டாகச் சேர்ந்துவிடும்.

நிறத்துக்கு வருவோம். 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைதான் இன்றும் ஆல்பக் கடைகளில் பரவலாகப் புழங்குகிறது. ஐபேட் ப்ரோ காட்டுவது பி3 என்ற, டிஜிட்டல் சினிமாவில் இருந்து வந்த, அதைவிட அகலமான எல்லை. கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் சிவப்பிலும் பச்சையிலும். அரக்குப் பட்டு, குங்குமம், பின்னால் நிற்கும் செம்பனை ஓலை என்று நம் கல்யாணப் படங்கள் வாழ்வதே அந்த இடத்தில்தான். பி3 கோப்பை, அது பி3 என்று கவனிக்காத ஓர் அச்சு இயந்திரத்துக்கு அனுப்பினால், கோப்பில் உள்ள நிற எண்களை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு நிறத்தைக் குறைத்து அச்சடிக்கும். பட்டுச்சேலை பத்து முறை துவைத்தது போல ஆகிவிடும். ஏற்றுமதி செய்யும்போதே எஸ்ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

கூடவே ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். முதலாவது சுற்று வெளிச்சத்தைப் பார்த்துத் திரையின் வெள்ளையை மாற்றும். மஞ்சள் துணிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்தால் திரையும் மஞ்சளடிக்கும். இரண்டாவது, இரவானால் நீலத்தைக் குறைக்கும். திருத்துகிறவர் ஈடுகட்ட நீலத்தைக் கூட்டுவார், மறுநாள் மாமியார் முகம் நீலம் பாய்ந்து நிற்கும். இந்த ஐபேட் ப்ரோவில் ரெஃபரன்ஸ் மோட் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் இந்தத் தானியங்கி மாற்றங்கள் எல்லாம் நின்றுவிடும்.

புள்ளி எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அங்குலத்துக்கு 264 புள்ளி என்பது 2012இல் வந்த ஐபேடிலேயே உண்டு. 40 செ.மீ. தூரத்தில் சாதாரணக் கண் அதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காது. படங்களை ஏற்றும் வடத்தின் வேகம் மட்டும் கொஞ்சம் உறைக்கும். ஆயிரம் ரா கோப்புகள், அதாவது கேமரா அப்படியே பதிந்த மூலப் படங்கள், சுமார் 30 ஜிபி என்று வைத்துக்கொண்டால், சாதாரண ஐபேடில் உள்ள யூஎஸ்பி 2 வேகத்தில் ஏற்றப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். ப்ரோவின் யூஎஸ்பி வாசல் அதைவிடப் பல மடங்கு அகலம். ஆனால் நாம் பயன்படுத்தும் சாதாரண எஸ்டி அட்டை நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் தராது. ஆகவே அங்கேயும் ஐந்தாறு நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், படக்காரருக்கு டேப்லெட்டின் பெரிய உபகாரம் படம் பொறுக்குவதில்தான். ஆயிரத்து இருநூறு படத்தில் கண்மூடியவர், வாய் திறந்தவர் எல்லாரையும் விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். முகப்பருவை அழிக்கப் பேனா நன்றாக இருக்கும், அழுத்தத்துக்கு ஏற்பத் தூரிகை பருக்கும், மெலியும். பொறுக்க மட்டும் என்றால் சாதாரண ஐபேடே போதும். மடிக்கணினியே இல்லாமல் அச்சு வரைக்கும் அதிலேயே முடிக்கிறவர்தான் ப்ரோவுக்கு வெள்ளியை எண்ணலாம். எதை வாங்கினாலும் தகரக் கூரைக்கடியில் வெயிலில் போட்டுவைக்காதீர்கள். 35 டிகிரி வரைதான் சுற்று வெப்பம் என்று ஆப்பிளே சொல்கிறது. சூடேறினால் திரை தானாகவே மங்கும், அப்போது எந்தக் கணக்கும் செல்லாது.

தம்பி அந்த ஆல்பத்தைத் தன் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தான். இப்போது அவன் பையில் டேப்லெட்டோடு ஒரு ஏ4 தாளும் இருக்கிறது. போன கல்யாணத்தில் எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் மஞ்சளாகி, நடுவில் சாம்பார்க் கறை. வேறு தாள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.